எந்த ஊரு மாராத்தானுக்குப் பேரு குடுக்க? - அண்ணாச்சி பதில்கள்

ஆடிக் காத்து அடங்க ஆரம்பிச்சா நம்ம பக்கத்துல ரெண்டு விஷயம் தன்னால நடக்கும். குத்தாலத்துல கூட்டம் கொறையும், பாளையங்கோட்டை வ.உ.சி மைதானத்துல விடியக்காலம் கூட்டம் கூடும். அப்படி வாரவங்கள்ல பாதிப் பேருக்கு இந்த வருஷமாவது வெளியூரு மாராத்தான் ஒண்ணு ஓடிரணும்னு ஆசை, எதுல ஓடன்னுதான் தெரியாது. இந்த மாசம் வந்த கேள்வியில முக்காவாசி அதுதான், அதனால ஷூ கேள்வி, முட்டிவலி கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சிட்டேன். கோவிச்சுக்காதீங்க.

அண்ணாச்சி, எனக்கு வயசு 34, பாளையங்கோட்டை. மூணு ஹாஃப், அதான் 21 கிலோமீட்டரு, ஓடிட்டேன், நல்ல டைம்னா 2 மணி 12 நிமிஷம். மொத ஃபுல் மாராத்தான இந்த சீசன்ல ஓடிரலாம்னு பாக்கேன். கூட ஓடுத பயலுவ எல்லாம் மும்பைங்காங்க, எனக்கு சென்னையே போதும்னு தோணுது, பெங்களூருல தங்கச்சி வேற இருக்கா, அங்கயும் ஒண்ணு நடக்காம். இதுல எது நல்ல மாராத்தான்?

தம்பி, மூணும் நல்ல ஊருதான், தூரமும் எங்க போனாலும் 42.195 கிலோமீட்டருதான். 1908ல லண்டன் ஒலிம்பிக்ஸுக்கு அளந்த தூரம் அது, 1921ல இனிமே இதான்னு முடிவே பண்ணிட்டாங்க, அதுல ஒரு அடி கூட எந்த ஊர்க்காரனும் உனக்குக் கொறைச்சுத் தரப் போறதில்ல. அப்ப எத வச்சு ஊரப் புடிக்க? எல்லாரும் ரேஸ் நாளத்தான் பாக்காங்க, கூட்டம் எப்படி, மெடல் எவ்வளவு பெருசு, பாலத்துல வச்சு போட்டோ எடுப்பாங்களான்னு. ரேஸ் ஒரு நாளு முடிஞ்சு போவும், அதுக்கு முந்தி நாலு மாசம் நீ நம்மூர்லதான் ஓடணும், அந்த நாலு மாசம் எந்த நாலு மாசம்னு மொத பாரு. ஊரு பொறவு.

இது பட்டுத் தெரிஞ்சது. நான் மொத ஃபுல்லுக்குப் பேரு குடுத்தது ஹைதராபாத். காரணம் ஒண்ணும் பெருசா கெடையாது, மச்சினன் அங்க வேலைல இருந்தான், ரூம் செலவு மிச்சம்னு போயிட்டேன். அது ஆகஸ்ட் கடைசில வரும், அப்படின்னா ட்ரெய்னிங் எப்ப, சித்திர வெயில்ல ஆரம்பிச்சு ஆடிக் காத்துல முடியும். சித்திரைல காலைல அஞ்சரைக்கே சட்டை நனைஞ்சு ஒட்டிக்கிடும், சரி ஆனி பொறந்தா கொறையும்னு பாத்தா வெயிலு கொறைஞ்சுது, செங்கோட்டைக் கணவா வழியா வாரக் காத்து ஆளத் தூக்கிருச்சு, கே.டி.சி நகர்ல திரும்பி டவுன் பக்கமா ஓடுனா மண்ணள்ளி மூஞ்சில அடிக்கும், ரெண்டு லாங் ரன்ன, அதான் பயிற்சில ஓடுத நீள ஓட்டத்த, பாதில விட்டுட்டு ஆட்டோ புடிச்சு வீட்டுக்கு வந்துட்டேன். அதத் தாண்டி அங்க போயி நின்னா ஃப்ளைஓவர், ஒண்ணு எறங்குனா அடுத்தது ஏறுது. நமக்கு மேடுன்னா தெரிஞ்சது ஜங்ஷன் ஈரடுக்குப் பாலந்தான், 1973ல தெறந்தது, அத முழுசா ஏறி எறங்குனாலே ஒரு கிலோமீட்டரு வராது. நெக்லஸ் ரோட்டுல கெளம்பி கச்சிபவுலி ஸ்டேடியம் போயிச் சேருததுக்குள்ள போதும் போதும்னு ஆயிட்டு, 30க்கு மேல நடைதான், 5 மணி 50 நிமிஷம். ஊருக்கு வந்து நாலு நாளு மாடிப்படிய பின்பக்கமா எறங்குனேன், பிள்ளைய எல்லாம் நின்னு வேடிக்க பாத்துச்சுவ. ஹைதராபாத் மோசம்னு சொல்லல. அந்தூர்க்காரனுக்கு அது நல்ல ஓட்டம், அவன் தெனமும் அந்த மேட்டுலதான் ஓடுதான்.

இப்ப உன் கணக்குக்கு வருவோம். ஹாஃப் ஓடுன காலுக்கு ஃபுல்லுக்குத் தயாராக ஒரு 16லருந்து 18 வாரம் வேணும். சென்னை ஜனவரி ஆரம்பத்துல வரும், மும்பை ஜனவரி மூணாவது ஞாயித்துக்கெழம. அங்கருந்து பின்னால எண்ணுனா ஆவணி கடைசி, புரட்டாசி ஆரம்பத்துல வந்து நிக்கும். புரட்டாசி பொன்னுருகக் காயும்னு சும்மாவா சொன்னாவ, ஆனா அப்ப உனக்குத் தூரம் கம்மி, 12, 14ன்னு போகும், சமாளிச்சிரலாம். ஐப்பசி கார்த்திகைல மழை. நம்ம ஊருக்கு வருஷத்து மழையில பெரும்பங்கு அப்பத்தான், மழைல ஓடுனா ஒண்ணும் ஆவாது, இடி மின்னல்னா மட்டும் வீட்டுல கெட. பெரிய ஓட்டம், 28, 30, 32ங்கதெல்லாம் சரியா மார்கழிய ஒட்டி வந்து விழும் பாரு, அங்கதான் சங்கதியே இருக்கு. மார்கழில காலைல நாலு மணிக்கே ஊரு முழிச்சிருக்கும், கோயில் ஸ்பீக்கரு பாடும், டீக்கடை தெறந்திருக்கும், பொம்பளைய வாசல்ல கோலம் போட்டுக்கிட்டு இருப்பாவ, நாயி தொரத்துனா கூட அதட்ட ஆளு இருக்கு. முருகன்குறிச்சில கெளம்பி, சுலோச்சன முதலியார் பாலத்துல ஆத்தத் தாண்டி, டவுன் ரதவீதி நாலையும் சுத்திட்டுத் திரும்பி வந்தா மேலுக்கு வேர்வையே தெரியாது. 1843ல கட்டுன பாலம், 30 கிலோமீட்டருக்கு நாலு தடவ கூட்டிட்டுப் போயிருக்கு என்னய.

ஒண்ணே ஒண்ணு, மழை மொறை தவறிருச்சின்னா எல்லாக் கணக்கும் போச்சு. 2023 டிசம்பர் 17, 18ல பெஞ்சத மறக்க முடியுமா, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ள ஆறு ஓடுச்சு. அந்த ஜனவரிக்குப் பேரு குடுத்திருந்த நாங்க எல்லாரும் லாங் ரன் ஓடவேண்டிய வாரத்துல வீட்டுல சேறு வாரிக்கிட்டு இருந்தோம்.

பெங்களூரு ஃபுல்லு செப்டம்பர், அக்டோபர் வாக்குல வரும். கிட்டத்தட்ட 900 மீட்டர் ஒசரத்துல இருக்குத ஊரு, காலைல சிலுசிலுன்னு இருக்கும், தங்கச்சி வீடும் இருக்கு, எல்லாம் சரி. ட்ரெய்னிங் ஆனி, ஆடி, ஆவணி. மேல சொன்ன என் ஹைதராபாத் கதைய இன்னொரு தடவ படி. இந்த வருஷத்துக்கு எப்படியும் நேரம் போயிட்டு.

மும்பை ஒரு திருவிழா, அத மறுக்க முடியாது. 2004லருந்து நடக்கு, சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் வாசல்ல கெளம்பும், கடல் மேல பாந்த்ரா-வொர்லி பாலத்துல ஓடலாம், அந்தப் பாலத்துல மத்த நாள்ல நடக்கவே விடமாட்டாங்க. ரோட்டோரத்துல நின்னு நம்ம பேர பிப்ல, அதான் நெஞ்சுல குத்துத நம்பரு சீட்டுல, வாசிச்சுக் கூப்பிடுவாங்க, தேர் இழுக்கும்போது பின்னால நிக்கவங்க சத்தம் குடுக்குத மாதிரி. ஆனா பெடர் ரோடுன்னு ஒரு மேடு இருக்கு. நான் ஓடுனப்ப அத போகும்போது ஒரு தடவ, திரும்பி வரும்போது ஒரு தடவ ஏறணும், ரெண்டாவது தடவ ஏறும்போது காலு நம்ம காலாவே இருக்காது. இப்ப கோஸ்டல் ரோடு வந்த பொறவு ரூட்ட மாத்திக்கிட்டு இருக்காங்க, பேரு குடுக்கும்போது அந்த வருஷத்து மேப்பப் பாத்துக்கோ. இன்னொரு தொந்தரவு தேதி, மூணாவது ஞாயிறுன்னா எப்பவும் பொங்கல ஒட்டியே வரும். ரயிலு டிக்கெட்டு இப்ப 60 நாளைக்கு முந்திதான் போட முடியும், 2024 நவம்பர்லருந்து அப்படி ஆக்கிட்டாங்க, அந்தக் காலைல எட்டு மணிக்கு உக்காந்து தட்டணும். பொங்கலன்னிக்கி வீட்டுல பொங்கப்பானைய விட்டுட்டு ரயிலேறுததுக்கு வீட்டுல என்ன சொல்லுவாவன்னு நீயே பாத்துக்க.

சென்னைல அந்தத் தலைவலி இல்ல. நேப்பியர் பாலத்துக்கிட்ட இருட்டுல கெளம்பிரலாம், ரூட்டு சமமா இருக்கும். புழுக்கம் மட்டும் உண்டு, நம்மூரு வெயிலு காய்ஞ்ச வெயிலு, அங்க கடக்காத்து ஈரம், வேர்வை காயாது, அதனால உன் கணக்குல கிலோமீட்டருக்கு பத்து பதினஞ்சு செகண்ட் கூட்டி வச்சுக்கோ, மொத பத்து கிலோமீட்டரு பைய ஓடு. உன்னோட ஹாஃப் டைமுக்கு 4 மணி 45லருந்து 5 மணி வரைக்கும் ஆகும்னு வையி. அங்க 32 கிலோமீட்டருன்னு, அதாவது இருவது மைலுக்கு, ஒரு தனிப் பிரிவே வச்சிருக்காங்க, மழைல ட்ரெய்னிங் கெட்டுப் போச்சுன்னா அதுல பேரு குடுத்துட்டு மானத்தோட திரும்பி வரலாம்.

ஆக, இந்த வருஷம் சென்னை. அந்த டைமிங் சர்டிஃபிகேட்ட பத்திரமா வச்சுக்கோ, மும்பைக்குப் பேரு குடுக்கும்போது அதக் கேப்பாங்க, எந்தக் கூட்டத்தோட நிக்கணும்ங்கதுக்கும் அதத்தான் பாப்பாங்க. கூட ஓடுத பயலுவ மும்பை போனா போகட்டும்.

நெல்லை எக்ஸ்பிரஸ்ல சனிக்கெழம ராத்திரி ஏறி, ஞாயித்துக்கெழம காலைல எழும்பூர்ல எறங்கி அப்படியே ஓடிரலாமா? லீவு கெடைக்காது அண்ணாச்சி. - தச்சநல்லூர் வாசகர்

ஏ மாப்ள, நீ எழும்பூர்ல எறங்கி பல்லு வெளக்கும்போது மொத ஆளு ஓடி முடிச்சு எளநீ குடிச்சிக்கிட்டு இருப்பான். ஃபுல்லு ஓட்டம் இருட்டுல நாலு மணி வாக்குல கெளம்பிரும். அது போக பிப்புன்னு நெஞ்சுல குத்துத நம்பரு சீட்டு, டைம் பாக்குத சிப்பு எல்லாம் ரேஸ் அன்னிக்கி காலைல தரமாட்டாங்க, முந்தின ரெண்டு மூணு நாளு எக்ஸ்போன்னு ஒண்ணு வைப்பாங்க, அங்க அடையாள அட்டையக் காட்டி வாங்கணும். வெளியூர்க்காரனுக்கு மாராத்தான்னா ரெண்டு நாளு வேல, அத மனசுல வச்சுத்தான் ஊரே தேர்ந்தெடுக்கணும். சென்னைன்னா வெள்ளிக்கெழம ராத்திரி ஏறு, சனி காலைல போயி பிப்ப வாங்கு, மத்தியானம் தூங்கு, ஞாயிறு ஓடிட்டு அன்னிக்கி ராத்திரியே திரும்பிரலாம், சனிக்கெழம ஒரு நாளுதான் லீவு. வந்தே பாரத் 2023 செப்டம்பர்லருந்து ஓடுது, காலைல ஏறுனா மத்தியானத்துக்குள்ள சென்னை, ஆனா ஓடி முடிச்ச காலோட மணிக்கணக்கா உக்காந்து வாரதுக்கு படுக்குத பெர்த்துதான் எனக்கு ஒத்து வரும். லோயர் பெர்த் கேட்டு வாங்கு. மேல ஏற முடியாது, நான் அனுபவிச்சிருக்கேன், டி.டி.ஆர் கிட்ட கெஞ்சி ஒரு ஆச்சியோட பெர்த்த மாத்தி வாங்குன பாவம் எனக்கு உண்டு.

வணக்கம் அண்ணாச்சி, நான் அம்பாசமுத்திரத்துல டீச்சர், வயசு 41. ரெண்டு வருஷமா பாபநாசம் ரோட்டுல ஓடுதேன், 10 கிலோமீட்டர் ஒரு மணி 20 நிமிஷம் ஆகுது. பெரிய ஊர்ல ஒரு ஹாஃப் ஓடணும்னு ஆசை. தனியாப் போகவேண்டாம்னு வீட்டுல சொல்லுதாக. மெதுவா ஓடுதவங்களுக்கு ஏத்த ஊரு எது?

டீச்சர், பாபநாசம் ரோட்டுல ரெண்டு வருஷம் ஓடியிருக்கீங்கன்னா போகும்போது கொஞ்சம் ஏத்தம், மலையப் பாத்துக்கிட்டே ஓடுதது, அதவிட நல்ல பயிற்சி பெரிய ஊர்க்காரங்களுக்குக் கெடைக்காது. உங்க வேகத்துக்கு ஹாஃப் மூணு மணி நேரத்துக்குப் பக்கத்துல வரும், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. ஆனா ஊரு தேர்ந்தெடுக்கும்போது நீங்க பாக்க வேண்டியது வேற. மொத, கட்-ஆஃப் டைம், அதாவது எத்தன மணிக்கு ரோட்டத் தெறந்து வண்டிய விடுவாங்கன்னு. உங்க டைமுக்கு மேல அரை மணி நேரமாவது இருக்குத ஓட்டமா பாருங்க.

அதவிட முக்கியம் தண்ணி. ஒரு ஊர்ல, பேரு வேண்டாம், நான் 28வது கிலோமீட்டருக்கு வந்தப்ப தண்ணி மேசைல காலி டம்ளருதான் கெடந்துது, முன்னால போனவன் தலைல ஊத்திட்டுப் போயிருந்தான், பின்னால வந்த நூத்துக்கணக்கான பேரு ரோட்டோரத்துக் கடைல காசு குடுத்து வாங்கிக் குடிச்சோம், காசு கொண்டுவராதவன் எங்ககிட்ட வாங்கிக் குடிச்சான். அன்னிலருந்து ஒரு ஓட்டம் எப்படின்னு நான் வேகமா ஓடுனவங்ககிட்ட கேக்கதே இல்ல, கடைசில வந்தவங்ககிட்டதான் கேப்பேன். தண்ணி இருந்துச்சா, டாய்லெட்ல தண்ணி இருந்துச்சா, மெடல் மிச்சம் இருந்துச்சா, பாதை காட்ட ஆளு நின்னுச்சான்னு. பந்தில கடைசி இலைக்கு பாயாசம் வந்துச்சான்னு கேட்டாத்தான் அது நல்ல கல்யாணமான்னு தெரியும்.

உங்களுக்கு ரெண்டு ஊரு சொல்லுதேன். ஒண்ணு கோயம்புத்தூர். 2013லருந்து நடக்கு, புத்துநோய்க்கான அறக்கட்டளைக்காரங்க நடத்துதாங்க, ஹாஃப்தான் அங்க பெரிய ஓட்டம், அதனால ஹாஃப் ஓடுதவங்களுக்குத்தான் அங்க மரியாத. ஃபுல்லு இருக்குத ஊர்ல நம்மள ரெண்டாந்தாரமாத்தான் பாப்பாங்க. குளிரும், உங்க மலையடிவாரத்துக் காத்து மாதிரியே இருக்கும். டிசம்பர்ல வந்துச்சுன்னா அரையாண்டுப் பரீட்சை இடிக்கும், அந்த வருஷத் தேதியப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. இன்னொண்ணு சென்னை, அதுக்கு அரையாண்டு லீவு முழுக்க ஓடிப் பழகலாம், டீச்சருக்கு அது கெடைக்காத வரம்.

தனியாப் போகதப் பத்தி. உங்க வீட்டுல சொல்லுதத முழுசாத் தள்ளவும் முடியாது, ரேஸ்ல ஒரு பயமும் இல்ல, ஆயிரக்கணக்குல பொம்பளைய ஓடுதாக, பயம் எங்கன்னா காலைல மூணு மணிக்கு ரூம்லருந்து ஸ்டார்ட்டுக்குப் போகுததுதான். அதனால நடந்து போற தூரத்துல தங்குங்க, ரூமு நூறு எரநூறு கூடுனாலும் பரவால்ல. சென்னைல சில வருஷம் ஓட்டத்தன்னிக்கி விடியக்காலமே மெட்ரோ விட்டுருக்காங்க, அந்த வருஷம் உண்டுமான்னு பாத்துக்கோங்க. கெளம்புத எடமும் முடியுத எடமும் ஒண்ணா, வேற வேறயான்னும் பாருங்க. வேற வேறன்னா பைய எங்க வைக்க, செருப்ப எங்க வைக்க, ஓடி முடிச்சு எந்தப் பக்கம் ஆட்டோ புடிக்கன்னு ஒரு தனிப்பாடு. ஸ்கூல்ல இன்னும் ரெண்டு டீச்சர இழுத்து விட்டீங்கன்னா இந்தப் பாட்டுல பாதி தீர்ந்துரும், அவங்களுக்கு 10 கிலோமீட்டர் போதும்.

துபாய்ல இருந்து எழுதுதேன், சொந்த ஊரு வள்ளியூர். இங்க 10 கிலோமீட்டர், ஹாஃப் எல்லாம் ஓடியிருக்கேன். வாழ்க்கைல ஒரு தடவ பெர்லினோ லண்டனோ ஓடணும். எது லேசாக் கெடைக்கும், எது ஓட லேசு?

தம்பி, ஆசைப்பட்டா பெருசாத்தான் படணும், தப்பில்ல. டோக்கியோ, பாஸ்டன், லண்டன், சிட்னி, பெர்லின், சிகாகோ, நியூயார்க். இந்த ஏழத்தான் மேஜர், அதாவது உலகத்துலயே பெரிய மாராத்தான்னு சொல்லுதாங்க, சிட்னி 2025லதான் சேந்துச்சு. லேசாக் கெடைக்குதது ஒண்ணுமே கெடையாது. லண்டனுக்கு 2026 ஓட்டத்துக்குக் குலுக்கல்ல பேரு போட்டவங்க 11 லட்சத்துக்கு மேல, நம்ம நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு வாரக் கூட்டமெல்லாம் அதுல ஒரு மூலைக்குக் காணாது. பாஸ்டன் குலுக்கலே கெடையாது, வேகமா ஓடுனவனுக்குத்தான் எடம், 35 வயசுக்குக் கீழ உள்ள ஆம்பளைக்கு 2 மணி 55 நிமிஷம், அதுலயும் தள்ளி விட்டுருவாங்க. 1897லருந்து நடக்குத ஓட்டம், அந்தக் கெத்து அவங்களுக்கு உண்டு. குலுக்கல் இல்லாம இன்னொரு வழி, தர்மத்துக்குக் காசு திரட்டிக் குடுத்துட்டு எடம் வாங்குதது, அது பெரிய தொகை, சொந்தக்காரங்ககிட்ட கேட்டு நிக்கணும், உன் மனசுக்கு ஒத்து வந்தா பண்ணு.

ஓட லேசுன்னா பெர்லின்தான். சமமா பலகை மாதிரி ரூட்டு, செப்டம்பர் கடைசி, குளுந்த காத்து, கென்யா ஓட்டக்காரர் கிப்சோகே 2018லயும் 2022லயும் உலக சாதனை பண்ணுனது அங்கதான், ரெண்டாவது தடவ 2:01:09. இன்னொரு கென்யாக்காரர் கெல்வின் கிப்டும் 2023ல 2:00:35 ஓடுனது சிகாகோவுல, அதுவும் சமம், அது அக்டோபர். இதெல்லாம் கேட்டு நீ பெர்லினுக்குப் பேரு போட்டுருவே, நான் வேண்டாங்கேன். ஏன்னு கேளு. செப்டம்பர் கடைசில ஓடணும்னா ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல நீ அங்க லாங் ரன் போகணும். ஜூன் 15லருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானத்துல வெயில்ல வேலையே செய்யக் கூடாதுன்னு உங்க அமீரகத்துல சட்டமே போட்டுருக்காங்க, அவ்வளவு வெயிலு, அந்த மாசத்துல 30 கிலோமீட்டர் எங்க போயி ஓடப் போற? ராத்திரியும் கொதிக்கும். ட்ரெட்மில்லுல மூணு மணி நேரம் ஓடலாம், ஓடுதவங்களும் இருக்காங்க, சுவத்தப் பாத்துக்கிட்டு ஓடுனவனுக்குக் கோட்டி புடிச்சாலும் ஆச்சரியம் இல்ல.

உனக்கு டோக்கியோ சரியா வரும். மார்ச் மாச ஆரம்பத்துல நடக்கும், பின்னால எண்ணுனா நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. துபாய்ல மனுசன் வெளிய நடமாட முடியுத மாசமே அதுதான். கட்-ஆஃபும் 7 மணி நேரம், பெர்லின் 6 மணி 15 நிமிஷந்தான். குலுக்கல்ல விழுததுதான் கஷ்டம், வருஷா வருஷம் போட்டுக்கிட்டே இரு. ஆனா மொத ஃபுல்லையே டோக்கியோவுலதான்னு ஒத்தக்கால்ல நிக்காத, உங்க துபாய்லயே ஜனவரி, பிப்ரவரி வாக்குல ஃபுல்லு நடக்கு, சமமான ரூட்டு, விசா வேண்டாம், டிக்கெட்டு வேண்டாம், ரூம்லருந்து டாக்ஸி. அத ஓடிட்டு எனக்கு எழுது. இல்ல, ஊருக்கு லீவுக்கு வாரதையும் சேத்துக்கணும்னா ஜனவரி ஆரம்பத்துல சென்னை ஓடிட்டு அப்படியே பொங்கலுக்கு வள்ளியூர் வந்து சேரலாம், உங்க அம்மா மெடலு வேணாம்னா சொல்லப் போறாக.

ஓடும்போது தின்னுத ஜெல்லு, அந்தச் சக்கரைப் பசை, வாயில வைக்கவே புடிக்கல. கருப்பட்டியக் கொண்டு போயி ஓடலாமா? - திசையன்விளை

திசையன்விளைக்காரன் கருப்பட்டியப் பத்தி என்கிட்ட கேக்கியா! தாராளமாக் கொண்டு போ. ஜெல்லுல இருக்குததும் சக்கரைதான், கருப்பட்டில இருக்குததும் சக்கரைதான், ஒடம்புக்கு மணிக்கு 30லருந்து 60 கிராம் வரைக்கும் வேணும், 30 கிலோமீட்டர் வாக்குல உள்ள சரக்கு தீர்ந்து போயி ஆளு சுவத்துல முட்டுன மாதிரி நிக்கதுக்குக் காரணமே அது கொறைஞ்சு போகுததுதான். சின்னச் சின்னத் துண்டா ஒடைச்சு, வேர்வைல கரையாம பாலித்தீன்ல சுத்தி வையி, தின்ன ஒடனே ரெண்டு வாய் தண்ணி குடி, இல்லன்னா தொண்டைய அடைக்கும். லாங் ரன்னுல நாலஞ்சு தடவ தின்னு பாத்துட்டுத்தான் ரேஸுக்குக் கொண்டு போகணும், புதுசா எதையும் அன்னிக்கி வாயில போடாத. மும்பை போனேன்னா சுமையே வேண்டாம், வீட்டு வாசல்ல ஜனங்க வாழப்பழம், ஆரஞ்சு, சிக்கின்னு தட்டோட நிப்பாங்க, சிக்கின்னா நம்ம கோவில்பட்டி கடலமிட்டாய்க்குத் தம்பி முறை. நான் எல்லாத்தையும் வாங்கித் தின்னேன், அந்தத் தப்ப நீ பண்ணாத, சீ லிங்க்னு சொல்லுத அந்தக் கடல் பாலத்து மேல ஒதுங்க எடம் கெடையாது.

தாராவில எங்க அத்தை வீடு இருக்கு. அங்க தங்கி மும்பை ஓடலாமா? - முக்கூடல்

நல்லா ஓடலாம், பாதித் திருநெல்வேலி அங்கதான இருக்கு. ரூட்டு மாஹிம் பக்கமா வரும், தாராவிலருந்து எட்டி நடந்தா ரோடு. அத்தைய அங்க வந்து நிக்கச் சொல்லு, பாலத்தத் தாண்டி வந்து மனசு விட்டுப் போகுத நேரத்துல ‘ஏலே, நிக்காம போலே’ன்னு ஒரு சத்தம் கேட்டா அது பத்து ஜெல்லுக்குச் சமம். பிப்பு வாங்குத எக்ஸ்போ பாந்த்ரா-குர்லா காம்ப்ளக்ஸ்ல வைக்குத வழக்கம், அதுவும் பக்கந்தான். முந்தின நாளு ராத்திரி அத்தை பாசத்துல கறிக்கொழம்பு வைப்பாக, அத ஓடி முடிச்ச பொறவு தாங்கன்னு பணிவாச் சொல்லிரு. ஸ்டார்ட்டுக்கு சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் வரைக்கும் போகணும், அதுக்கு ராத்திரியே வழி பண்ணி வச்சுக்க.

வெளியூருக்கு எதுக்குப் போகணும், நம்மூர்ல ஓடுனாப் போதாதா? - மேலப்பாளையம்

போதும்.

அண்ணாச்சி, நான் தென்காசி, ரிட்டயர்டு, வயசு 63. முப்பது வருஷமா திருச்செந்தூர் பாதயாத்திரை போயிட்டு வாரேன். நூறு கிலோமீட்டருக்கு மேல வெறுங்காலோட நடக்கவனுக்கு 42 எம்மாத்திரம்? பேரன் சென்னைல இருக்கான், அவன்கூட ஓடணும்னு ஆசை.

அண்ணாச்சின்னு நீங்க என்னயக் கூப்பிடுதது நாயமில்ல, நீங்கதான் எனக்கு அண்ணாச்சி. பாதயாத்திரை நடந்த காலு லேசுப்பட்ட காலு இல்ல, எங்க ஓட்டக்காரப் பயலுவள்ல பாதிப் பேரு அந்தத் தூரம் நடந்தா ஆழ்வார்திருநகரில உக்காந்துருவான். ஆனா ரெண்டுக்கும் ஒரு வித்தியாசம். பாதயாத்திரைல கடிகாரம் கெடையாது, பந்தல்ல படுத்துத் தூங்கலாம், முருகன் கட்-ஆஃப் வைக்கதில்ல. மாராத்தான்ல ஆறு ஏழு மணி நேரத்துல ரோட்டத் தெறந்துருவாங்க, நெஞ்சுத் துடிப்பும் மணிக்கணக்கா மேலயே நிக்கும். அதனால மொத டாக்டர்ட்ட போயி ஈ.சி.ஜி, ட்ரெட்மில் டெஸ்ட் ரெண்டும் பாத்துருங்க, பிரஷர், சுகர் மாத்திர சாப்பிட்டீங்கன்னா அதையும் சொல்லிருங்க. இது உங்களுக்கு மட்டும் இல்ல, நாப்பது தாண்டுன எல்லாருக்கும் நான் சொல்லுதது.

டாக்டர் சரின்னு சொல்லிட்டார்னா இந்த ஜனவரி பேரனோட சென்னைல 10 கிலோமீட்டர் பேரு குடுங்க, கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை, ஒண்ணரை மணி நேரத்துல முடிஞ்சிரும். நல்லா இருந்துச்சுன்னா அடுத்த வருஷம் ஹாஃப். ஃபுல்லப் பத்தி அதுக்குப் பொறவு எனக்கு எழுதுங்க, அப்பவும் வேண்டாம்னு நான் சொல்லமாட்டேன். ஓடும்போது ஷூவப் போட்டுக்கோங்க, வெறுங்காலு நடைக்குத்தான், தார் ரோட்டுல ஓட்டத்துக்கு அது தனியாப் பழகணும். பேரன்கிட்ட ஒரு விஷயம் சொல்லி வைங்க, கடைசி ஒரு கிலோமீட்டர்ல தாத்தாவ விட்டுட்டு முன்னால ஓடக் கூடாதுன்னு. என் மவன் ஓடுனான், போட்டோல நான் தனியாத்தான் வாரேன்.